ஏழு பாம்பும் ஒரு மண்டலமும்

ஆகஸ்ட் 18, திங்கள்

நேற்று ஆவணி முதல் ஞாயிறு. நாகராஜா கோயிலுக்குப் போறேன்னு அண்ணன்கிட்டயும் மைனிகிட்டயும் சொல்லிட்டு, பால் பாக்கெட்டும் மஞ்சள் பொடியும் கூடையில வச்சுக்கிட்டு இறங்கினேன். கோயில் பக்கம் திரும்பல்ல. நேரா வெட்டூர்ணிமடம் போற பஸ்ல ஏறி டார்வின் வீட்டுக்குப் போயிட்டேன். கொண்டுபோன பால்ல அவன் பெஞ்சாதி ஷைனி எனக்கே சாயா போட்டுத் தந்தா. நாகத்தைப் பார்க்கப் போறேன்னுதானே வீட்டுல சொன்னேன்? பார்த்துட்டுத்தானே வந்தேன்? இதுல பொய் எங்க இருக்கு?

டார்வினுக்கு வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர் வேலை. மாடியில ஒரு அறை முழுக்கப் பாம்பு வளர்க்கிறான். ஏழு. எல்லாம் வெளிநாட்டு ஜாதி, விஷம் கிடையாது, வனத்துறையில பதிவு பண்ணின பேப்பர் இருக்கு. பெயரெல்லாம் சாப்பாட்டுப் பெயர். பெரியது கிழங்கு, ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை, பயந்தா உருண்டையா சுருண்டுக்கும். ஆரஞ்சு நிறத்துல மெலிசா ஒண்ணு, அது பப்பாளி.

போன வருஷம் கிழங்குக்குச் சட்டை கண்ணுல ஒட்டிக்கிட்டு உரியாம போச்சுன்னு, நான் வேலை பார்க்கிற மிருக வைத்தியக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தான். டாக்டர் சார் கையுறை போட்டுக்கிட்டு மேஜைக்கு அந்தப் பக்கமே நின்னார். கம்பவுண்டர் ரோட்டுக்கே ஓடிட்டான். "பகவதி, நீ பிடி" என்றார். டோக்கன் எழுதுற என்னை! பிடிச்சேன். அது என் முழங்கையைச் சுத்தி, தலையை மணிக்கட்டுல வச்சுப் படுத்துக்கிச்சு. இத்தனை வருஷத்துல ஒரு உசிரு என் மேல பாரத்தைப் போட்டுட்டு நிம்மதியா இருந்தது அன்னைக்குத்தான். அதுல இருந்து மாசம் ஒருக்கா போறேன். ஆவணி வந்தா கோயில் சாக்கு இருக்கு, வாரா வாரம் போகலாம்.

நேற்று டார்வின் முகமே சரியில்ல. "எக்கா, விசா வந்தாச்சு" என்றான். ஷைனிக்கு அயர்லாந்துல நர்ஸ் வேலை. அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதி கிளம்புறாங்க. "இதுகளக் கொண்டுபோக முடியாது. நீங்க எடுத்துக்கிடுங்க. ஏழும் ஒண்ணாத்தான். பிரிச்சுக் குடுக்க மனசு வரல்ல. விலையைப் பத்திக் கவலப்படாதீங்க, உங்களால என்ன முடியுமோ அது."

யோசிச்சுச் சொல்லுகேன்னு வந்துட்டேன். யோசிக்க என்ன இருக்கு, முடியாதுன்னு அங்கேயே சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

டாக்டர் சாப்பிடப் போனப்புறம் இதை எழுதுறேன். இந்த நோட்டு கிளினிக் மேஜையில தடுப்பூசி அட்டைகளுக்குக் கீழேதான் இருக்கும். வீட்டுல வச்சு எழுத முடியாது. என் அறை அறையே இல்ல, நடை. பின்பக்கம் துணி காயப்போடுற இடத்துக்கு அது வழியாத்தான் போகணும். காலையில அண்ணன் பல் குச்சியோட, மைனி வாளியோட, மத்தியானம் அவங்க மக ஆர்த்தி போனைக் காதுல வச்சுக்கிட்டு. கதவுல தாழ்ப்பாள் கிடையாது. ஆர்த்தி மூணு வயசுல உள்ளே மாட்டிக்கிட்டதுல அண்ணன் கழற்றிப் போட்டான். "வாற வாரம் ஆசாரிய விளிச்சு மாட்டிருவோம்" என்றான். ஆர்த்தி இப்போ பிளஸ் டூ.

பாம்பு வளர்க்க என்ன வேணும்? மூடின அறை. அமைதி. சும்மா சும்மா யாரும் திறந்து பார்க்கக் கூடாது. கதவுல ஒழுங்கா ஒரு தாழ்ப்பாள். பாம்புக்காகச் சொல்றேன், எனக்கு இதெல்லாம் பழகிப்போச்சு.

ஆகஸ்ட் 21, வியாழன்

வரன் வந்திருக்கு. தக்கலைக்காரர், பெஞ்சாதி இறந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அவருக்கும் நாகதோஷமாம். அண்ணன் சாப்பிடும்போது ஜாதகத்தை எடுத்து விரிச்சுட்டான். "ஒனக்கும் ஏழுல ராகு, அவருக்கும் ஏழுல ராகு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிரும் கேட்டியா."

எனக்கு முப்பத்தெட்டு. பத்தொன்பது வயசுல இருந்து இந்த ராகுவை எனக்குத் தெரியும். திருநாகேஸ்வரம், காளஹஸ்தி, வீட்டுப் பக்கத்து நாகராஜா. நான் ஊத்தின பாலைச் சேர்த்து வச்சிருந்தா ஒரு பால் பண்ணையே ஆரம்பிச்சிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் பெண் பார்த்துட்டுப் போவாங்க, ஜாதகம் கேட்பாங்க, அப்புறம் போன் எடுக்க மாட்டாங்க. ஒரு கட்டத்துல அண்ணனும் விட்டுட்டான். இப்போ ஆர்த்திக்குக் காலேஜ் வருது, ரெண்டு வருஷத்துல அவளுக்கும் பார்க்கணும், கல்யாணமாகாத அத்தை வீட்டுல இருந்தா கேள்வி வருமாம். அதான் இந்த அவசரம். மைனி சொல்லல்ல, ஆனா ரசத்தை ஊத்துற வேகத்துலயே தெரிஞ்சது.

"போட்டோ பாக்கியா?"ன்னு கேட்டா மைனி. கை கழுவிட்டுப் பாக்கேன்னு எழும்பிட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஒரு லேப்ரடார், ரெண்டு பூனை, வயிறு ஊதின ஒரு ஆடு. போட்டோ இன்னும் பார்க்கல்ல.

ஆகஸ்ட் 25, திங்கள்

நேற்று ரெண்டாம் ஞாயிறு. தீவனம் போடுற நாள். ஃப்ரீசர்ல இருந்து எலியை எடுத்து வெந்நீர்ல வச்சு இளக்கி, இடுக்கியால பிடிச்சு நீட்டணும். எல்லாத்துக்கும் நானே போட்டேன். பப்பாளி லபக்குன்னு பிடிச்சது. கிழங்கு மட்டும் பெட்டி மூடியைத் திறந்தும் ஒளிஞ்சுக்க வச்சிருக்கிற மண்சட்டிக்குள்ளே சுருண்டு கிடந்தது. "எக்கா, இதுக்கு வெளிய வர இஷ்டம் கிடையாது. இடுக்குதான் சொகம்" என்றான் டார்வின். எனக்கு அதைக் கேட்டதும் கோபம் வந்துட்டு. எதுக்குன்னு தெரியல்ல. "திறந்து வச்சுப் பாத்திருக்கியா எப்பவாவது? ரெண்டு நிமிஷம் திறந்துட்டு இஷ்டம் இல்லன்னு சொன்னா?"ன்னு கத்திட்டேன். பாவம், அவன் முழிச்சான்.

நான் எடுக்கல்லன்னா எர்ணாகுளத்துல ஒரு ஆள் ரெடியா இருக்காராம். ரிசார்ட்டுல வச்சு, வர்றவங்க கழுத்துல போட்டுப் போட்டோ எடுக்க. நாள் பூரா கை மாறிக் கை. "அவருக்குக் குடுத்தா ஒரு வருஷம் தாங்காதுக்கா" என்றாள் ஷைனி.

இறங்கி வரும்போது கீழ் வீட்டு ரோஸ்லெட் டீச்சர் பிடிச்சுக்கிட்டாங்க. வீட்டுக்கு உடமைக்காரி, டார்வினுக்குச் சித்தி, பள்ளிக்கூடத்துல இருந்து ரிட்டயர் ஆனவங்க. பாம்புங்கிற வார்த்தையையே சொல்ல மாட்டாங்க, 'அது'தான். "அக்கா மொவனாச்சேன்னு மாடியக் குடுத்தேன். இவன் 'அது'களக் கொண்டு நிறைச்சுட்டான். இனி எவன் வருவான் இந்த வீட்டுக்கு? நீயே சொல்லு மக்ளே."

என் பையில பப்பாளி உரிச்ச சட்டை ஒண்ணு இருக்கு. தலையில இருந்து வால் வரைக்கும் கிழியாம, கண்ணை மூடியிருந்த தோல் உட்பட. டார்வின் தந்தான். பேப்பர்ல சுத்தி வச்சிருக்கேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சும்மா விவரத்துக்காக வாடகை வீடு விசாரிச்சேன். பாம்புகளுக்கு இடம் வேணுமே.

முதல் ஆள்: "எத்தன பேரு?" நான் ஒருத்திதான். "ஒருத்தியா? வீட்டுக்காரரு?" கல்யாணம் ஆகல்ல. "அப்போ கொடுக்கியதில்ல." ரெண்டாவது ஆள் நாய் இருந்தாக்கூடப் பரவாயில்லன்னு நல்லாத்தான் பேசினார், தனிப் பொம்பளன்னதும் போனை வச்சுட்டார். பாம்பு விஷயத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே எல்லாரும் முடியாதுன்னுட்டாங்க!

வாங்க முடியாது. டார்வின்கிட்டச் சொல்லிடணும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

எளவு, எல்லாம் கெட்டுது.

நேற்று சாயங்காலம் வீட்டுக்குப் போனா வாசல்ல நாலு செருப்பு. பக்கத்து வீட்டு லீலா அக்கா, எதிர்வீட்டு அம்மா, எல்லாரும் என் அறையில. துணி மடிச்சு வைக்க வந்த மைனி நான் வீட்டுல விட்டுட்டுப் போன பையைத் தூக்கியிருக்கா, பேப்பர் பொட்டலம் விழுந்திருக்கு, பிரிச்சுட்டா. சட்டையைத் தாம்பாளத்துல வச்சு, குங்குமம் வச்சு, விளக்கு கொளுத்தி வச்சிருக்காங்க. மைனி கண்ணுல தண்ணி. "நாகரு ஒன்னத் தேடி வந்து சட்டைய உரிச்சுப் போட்டுட்டுப் போயிருக்காரு பகவதி. தோஷம் கழியப் போகுது!"

சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "மைனி, அது நாகரு இல்ல, பப்பாளி"ன்னு ஆரம்பிச்சு முழுக் கதையையும் கொட்டிட்டேன். டார்வின், ஏழு பாம்பு, விலைக்கு வருதுங்கிறது, எல்லாம். அண்ணன் வந்து நின்னது தெரியாது. அடிக்க வருவான்னு நினைச்சேன். அவன் தாம்பாளத்தையே பார்த்துக்கிட்டு நின்னான். அப்புறம் ஷர்ட்டை மாட்டிக்கிட்டு ஜோசியர் வீட்டுக்குப் போயிட்டான்.

ஆகஸ்ட் 30, சனி

ஜோசியர் சொல்லிட்டாராம். கல்லுக்குப் பால் ஊத்தினவளுக்கு உயிருள்ள நாகமே வழி காட்டுது, விடாதேன்னு. ஒரு மண்டலம் வீட்டுல வச்சு, பாலும் மஞ்சளும் கொடுத்து, என் கையால பூஜை பண்ணினா ராகு இறங்கி ஓடிருவாராம். மண்டலம் முடிஞ்ச கையோட தக்கலைக்காரரோட கல்யாணம். அதுக்கப்புறம் பாம்புகளைக் காட்டுல விட்டுடலாம்.

"வாங்கிரு. நானே பணம் தாறேன்" என்றான் அண்ணன். துணி காயப்போடுற இடத்துல ஷீட் அடைச்சு அங்கே வைக்கலாமாம்.

மைனி ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்கு முதல்ல தோசை வச்சா. முதல் தோசை! மைனி வந்த பதினெட்டு வருஷத்துல நான் இந்த வீட்டுல எதுக்கும் முதல்ல வந்தது கிடையாது. அழுகையா வந்தது. சந்தோஷமான்னு கேட்டா சந்தோஷம் இல்ல. நான் கேட்டது கிடைச்சிருக்கு, ரெண்டாவது தோசை வேண்டாம்னுட்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

நேற்று அண்ணனும் கூட வந்தான். கையில பால் தூக்கு. டார்வின் வீட்டு மாடிப்படியில பாதி ஏறினவன் அப்படியே நின்னுட்டான். முகம் வெளிறி, கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "நீ போய்ப் பாரு, நான் இங்க நிக்கேன்" என்றான். எனக்கு அண்ணனை இப்படி ஒருநாளும் பார்த்த ஓர்மை இல்ல. மின்சார வாரியத்துல கம்பத்துல ஏறுற மனுஷன்!

படியில நின்னே டார்வின்கிட்டப் பேசி முடிச்சான். டார்வின் தலையில கை வச்சுட்டான். "அண்ணாச்சி, பாலு ஊத்தக் கூடாது. இதுக குடிக்காது. மூக்குல ஏறினா நுரையீரலு கெட்டுப்போகும். காட்டுல விட்டா செத்துப் போகும், இது நம்மூரு பாம்பு இல்ல, விட்டா கேஸும் ஆகும்."

"கொஞ்சமாத்தான் ஊத்துவோம் தம்பி. தெய்வத்துக்குக் குடுக்கது எப்படிக் கெடுக்கும்?"

டார்வின் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். வேண்டாம்னு சொன்னா ஏழும் எர்ணாகுளத்துக்கு. சரின்னு சொன்னா ஏழும் மைனியோட பால் தூக்குக்கு. எனக்கோ தக்கலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவருதான்.

ஆவணி முடியறதுக்குள்ள ஒண்ணாவது வீட்டுக்கு வரணும்னு அண்ணன் பிடிச்ச பிடியில நின்னான். அடுத்த ஞாயிறு பப்பாளியை மட்டும் கொண்டுவர்றதுன்னு பேச்சு. நான் பக்கத்துலேயே இருந்து பார்த்துக்கிடுவேன்னு டார்வினுக்குச் சொல்லியிருக்கேன்.

செப்டம்பர் 4, வியாழன்

தக்கலைக்காரர் அவர் அக்காவோட வந்தார். ஏத்தங்காய் வறுத்த உப்பேரி, கேசரி. ஆள் மோசமில்ல. குனிஞ்ச தலை நிமிரல்ல, சாயா ஆறிப்போனது கூடத் தெரியல்ல. தனியாப் பேசட்டும்னு எங்க ரெண்டு பேரையும் என் அறையில விட்டாங்க. பேசிக்கிட்டிருக்கும்போதே ஆர்த்தி உள்பாவாடை எடுக்க வந்தா, மைனி வாளி எடுக்க வந்தா.

"அம்மைக்கு நடக்க முடியாது. தூக்கி உக்கார வைக்கணும். ஒங்களால முடியுமா?" இதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. முடியும்னு சொன்னேன். பழக்கம், கேட்டதும் முடியும்னு வந்துடுது. அவரு நல்ல மனுஷன்தான். அவருக்குப் பெஞ்சாதி தேவைப்படல்ல, ஆள் தேவைப்படுது. இங்கேயும் அதேதான், என்ன, இங்கே சம்பளத்தையும் கொடுக்கிறேன்.

கொள்ளாம், நல்ல இடம்னு எல்லாரும் சொல்லியாச்சு. என்கிட்ட யாரும் கேக்கல்ல.

செப்டம்பர் 6, சனி

பப்பாளிக்கு மூச்சுத் துளை போட்ட பெட்டி ஒண்ணு வாங்கினேன்.

செப்டம்பர் 8, திங்கள்

ஒழுங்கா எழுதப் பார்க்கிறேன்.

நேற்று காலையில பப்பாளியைக் கொண்டுவந்து என் அறையில பெட்டியோட வச்சேன். பூஜை சாயங்காலம்னுதான் பேச்சு. பத்து மணிக்கு டாக்டர் போன் பண்ணினார், வண்டியில அடிபட்ட நாய், கம்பவுண்டர் லீவு, வாம்மான்னு. பெட்டியைத் தொடாதீங்கன்னு மைனிகிட்ட மூணு தடவை சொல்லிட்டுத்தான் போனேன். நாய்க்குத் தையல் போட்டு முடியல்ல, ஆர்த்தி போன். "அத்தை, சீக்கிரம் வாங்க. அம்மா சொன்னாக் கேக்க மாட்டேங்கா. பாம்பு வாயத் திறந்து திறந்து மூடுது."

வீட்டுல திருவிழாக் கூட்டம். தெருப் பொம்பளைங்க வரிசையா என் அறை வழியா உள்ளே வந்து பின்வழியா வெளியே போறாங்க, ஒவ்வொருத்தர் கையிலயும் பால். அந்த நடை ஒருவழியா எதுக்காச்சும் உபயோகப்பட்டுது! பெட்டியில முக்கால்வாசிப் பால். மேலெல்லாம் மஞ்சள் அப்பி, ஆரஞ்சு நிறமே தெரியாம பப்பாளி அதுல நீந்துது. தலையைத் தூக்க இடமில்லாம மூலையில மூலையில முட்டுது. மூக்குல பால் குமிழி.

நான் என்ன கத்தினேன்னு ஆர்த்தி சொல்லித்தான் தெரியும். "பாலு குடிக்காது மைனி! அது குடிக்கல்ல, முங்கிச் சாவுது! நானும் பத்தொம்பது வயசுல இருந்து ஊத்துகேன், யாரு குடிச்சா? ஒருத்தரும் குடிக்கல்ல! எனக்குத் தோஷமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! எனக்கு அந்தத் தக்கலைக்காரரு வேண்டாம்!" தெருவே வாயைப் பொத்திக்கிட்டு நின்னுதாம்.

சேலை முந்தியில சுத்திக்கிட்டு ஆட்டோவுல கிளினிக்குக்கு ஓடினேன். டாக்டர் சார் முதல் தடவையா வெறுங்கையால தொட்டார். தலையைக் கீழே பிடிச்சு வாயில இருந்து பாலை வடிச்சு, ஊசி போட்டு, வெதுவெதுன்னு தண்ணியில மஞ்சளைக் கழுவினோம். பொழைச்சுக்கிடும்னு நினைக்கிறேன், நாளைக்குத்தான் தெரியும் என்றார். தலை கீழே சாயாம இருக்க என் கையிலேயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலமாப் போல அது நாக்கை நீட்டிச்சு. அப்பதான் நான் அழுதேன்.

பொழுது சாய வந்த அண்ணன் கிளினிக் வாசல்ல நின்னே சொன்னான், "மைனி அழுதுக்கிட்டிருக்கா. அவ வேணும்னா செஞ்சா?" வேணும்னு செய்யல்ல, எனக்கும் தெரியும். நல்லது செய்யத்தான் ஊத்தினா. அதனாலதான் எனக்கு அவ்வளவு ஆத்திரமும் வெப்ராளமும். நல்லது செய்றவங்ககிட்ட இருந்து எப்படித் தப்பிக்கிறது?

செப்டம்பர் 9, செவ்வாய்

பப்பாளி பொழைச்சுட்டு. டார்வின் வந்து எடுத்துக்கிட்டுப் போனான். நான் வாங்கல்லன்னு சொல்லிட்டேன். "எர்ணாகுளத்துக்கே குடுத்துரு டார்வின். என் வீட்டுக்கு வந்தா ஒரு வாரம் கூடத் தாங்காது." எர்ணாகுளத்துக்காரர் வெள்ளிக்கிழமை வண்டியோட வர்றாராம்.

வீட்டுல யாரும் என்கிட்டப் பேசறதில்ல. தக்கலைப் பேச்சையும் எடுக்கல்ல. ஆனா என் அறை வழியாத் துணி காயப்போடப் போய்க்கிட்டுத்தான் இருக்காங்க.

செப்டம்பர் 11, வியாழன்

டாக்டர்கிட்ட அரை நாள் லீவு கேட்டு, ஏழுகிட்டயும் சொல்லிட்டு வரலாம்னு போனேன். ஷைனி பெட்டி கட்டிக்கிட்டிருந்தா. கிழங்கோட மூடியைத் திறந்து வச்சுட்டுப் பக்கத்துல தரையில உட்கார்ந்தேன். ஒண்ணும் செய்யல்ல, கூப்பிடல்ல, தட்டல்ல. ரொம்ப நேரம் ஆச்சு. சட்டி ஓரத்துல முதல்ல மூக்கு வந்தது. அப்புறம் பாதி உடம்பு. அப்புறம் முழுசா வெளியே வந்து என் மடியைத் தாண்டி அறையைச் சுத்திப் பார்த்துட்டு, ஜன்னல் பக்கம் போய்ப் படுத்துக்கிச்சு.

"பாத்தியா டார்வின்?" என்றேன். அவன் கண்ணைத் துடைச்சுக்கிட்டான்.

கீழே டீச்சர் வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாங்க. "போறியா மக்ளே? ஒனக்கென்ன, போயிருவ. எனக்கு இந்த மாடிய என்ன செய்யணும்னே தெரியல்ல. வந்து பாத்துட்டு நல்லாருக்குங்கான். 'அது' இருக்கிய வீடுன்னு எவனாவது சொல்லிருகான், அப்புறம் ஆளக் காணோம். சாமியார விளிச்சு ஜெபிச்சுத் தீர்த்தமும் தெளிச்சாச்சு. 'அது' போனாலும் இந்த வீட்டுக்கு அந்தப் பேரு போகாது."

"எனக்கும் அப்படித்தான் டீச்சர்" என்றேன். எப்படி அடுத்ததைச் சொன்னேன்னு தெரியல்ல. "நான் வரட்டுமா?"

"எங்க?"

"மாடிக்கு. வாடகைக்கு. அதுகளோட."

கண்ணாடியைக் கழற்றித் துடைச்சு மறுபடி போட்டுக்கிட்டு என்னைப் பார்த்தாங்க. "தனியாவா இருப்ப?"

"ஏழு பேரு இருக்காவளே டீச்சர்."

சிரிக்கல்ல அவங்க. "வேற எவனும் வரப் போறதில்ல" என்றாங்க. "'அது' படி இறங்கி வரக் கூடாது. ஞாயித்துக்கிழமை மீன் கொழம்பு மணக்குதுன்னு பராதி சொல்லக் கூடாது. சரியா?"

மாடிக்குத் திரும்ப ஓடினேன். மூச்சு வாங்கிக்கிட்டு, "எர்ணாகுளத்துக்கு இப்பவே போன் பண்ணு" என்றேன். ஷைனி என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா.

செப்டம்பர் 12, வெள்ளி

அண்ணன்கிட்டச் சொல்லியாச்சு. ஒரே கூச்சல். தனியாவா, ஊரு என்ன சொல்லும், ஆர்த்திக்கு நாளைக்கு எவன் வருவான், எனக்குத் தலை காட்ட முடியுமான்னு கத்தினான். கடைசியில ஒண்ணு மட்டும் சொன்னேன். "ஜோசியர் ஒரு மண்டலம் அதுகளோட இருக்கச் சொன்னாரா இல்லியா? இங்க வச்சா மைனி பாலு ஊத்திக் கொன்னுருவா. நாகத்தக் கொன்ன பாவம் யாருக்கு? ஆர்த்தி ஜாதகத்துல ஏறினா என்ன செய்வ?"

நாற்காலியில உட்கார்ந்துட்டான். மைனி உள்ளே இருந்து, "அவ போட்டும், அதுக பக்கத்துலேயே இருக்கட்டும்" என்றா. பயத்துல சொன்னாளா, மனசறிஞ்சு சொன்னாளா, தெரியல்ல. அவ கண்ணை நான் பார்க்கல்ல.

இந்தத் தோஷம் இத்தனை வருஷத்துல எனக்குச் செஞ்ச ஒரே நல்லது இதுதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆவணி கடைசி ஞாயிறு. இதைக் கிளினிக்குல எழுதல்ல. டீச்சர் மாடியில, என் வீட்டுல, தரையில பாய் விரிச்சு உட்கார்ந்து எழுதுறேன். ஒருத்தரும் குறுக்கே நடக்கல்ல.

காலையில ஆட்டோவுல ரெண்டு பெட்டி, ஒரு பாய், ஒரு ஸ்டவ். மைனி பையில நாரத்தங்காய் ஊறுகாய் வச்சிருந்தா, சொல்லாம. ஆர்த்தி கூடவே வந்து பப்பாளியைக் கையில வாங்கிப் பார்த்தா. "அத்தை, பரீட்சைக்கு இங்க வந்து படிக்கட்டா? அங்க ஒரே சத்தம்" என்றா. வான்னேன். டார்வின் ஏழு பேப்பரையும் என் பெயருக்கு மாத்தி எழுதிக் கொடுத்துட்டு, ஒவ்வொரு பெட்டியா தொட்டுப் பார்த்துட்டு, திரும்பிப் பார்க்காம இறங்கிப் போனான். நான் என் சம்பளத்துல இருந்துதான் கொடுத்தேன். அண்ணன் பணம் வேண்டாம்னுட்டேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். கேட்டுக்கு வெளியே நின்னு விளிச்சான். ஏறி வாண்ணேன்னேன். மாடிப்படியைப் பார்த்தான், கிழங்கு இருக்கிற ஜன்னலைப் பார்த்தான். "இல்ல, இங்கேயே நிக்கேன்." நான் இறங்கிப் போனேன்.

கையில ஒரு பொட்டலம். பிரிச்சேன். புதுத் தாழ்ப்பாள். பித்தளை, கனமா, ஆணியோட.

"ஒன் ரூம்புக்கு வாங்கினேன்" என்றான் தரையைப் பார்த்துக்கிட்டு. "ஆசாரிட்ட சொல்லியாச்சு. நாளைக்கு மாட்டிருவான். பொறவால ஒரு வாசல் வச்சுத் துணி காயப்போடவும் வேற வழி பண்ணிருகேன். மண்டலம் முடிஞ்சா வந்துருவேல்லா?"

எத்தனை வருஷமா இதுக்குக் காத்துக்கிட்டிருந்தேன். முன்னமே ஒருநாள் இதைக் கொண்டுவந்து தந்திருந்தா எங்கேயும் போயிருக்க மாட்டேன்ணே. அதைச் சொல்லல்ல. "பாப்போம்ணே" என்றேன். தாழ்ப்பாளை வாங்கிக்கிட்டேன். அவன் பஸ் ஸ்டாப் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போனான்.

இந்த ஜாதிப் பாம்பு முப்பது வருஷம் உசிரோட இருக்கும். கிழங்குக்கு இப்போ ஆறு வயசு. அதை அண்ணன்கிட்ட இன்னும் சொல்லல்ல.

நான் திரும்பிப் போக மாட்டேன். எழுதிட்டேன், இனி இதை அடிச்சுத் திருத்தப் போறதில்ல.

தாழ்ப்பாளைக் கிழங்கோட பெட்டி மூடி மேல பாரத்துக்கு வச்சிருக்கேன். கதவைச் சும்மா சாத்தியிருக்கேன், அவ்வளவுதான். ஸ்டவ்வுல சோறு கொதிக்குது, போய்ப் பார்க்கணும்.